எண்ணிப் பார்த்து ஏறு

1. ஞாயிற்றுக்கிழமை

பேச்சியம்மாள் தேனிப் பக்கத்துக்காரி. அவள் கணவன் முருகன் எர்ணாகுளத்தில் கட்டட வேலை செய்கிறான். கொச்சித் துறைமுகத்தை ஒட்டி வாத்துருத்தி என்று ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். இந்தக் குடும்பமும் அங்கே ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறது. மகள் கவிதாவுக்கு வயது 7. மகன் பாண்டிக்கு வயது 3.

பேச்சியம்மாள் சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் எழுத்தறிவு மையத்தில் சேர்ந்தாள். அங்கே எழுத்தும் கணக்கும் படித்தாள். இப்போது பஸ் போர்டு படிப்பாள். கடைச் சீட்டைக் கூட்டிப் பார்ப்பாள். எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்றுவிடுவாள்.

"இப்படி நின்னு நின்னு படிச்சா, வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்று முருகன் கேலி செய்வான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முருகனுக்கு வேலை இல்லை.

"அப்பா, போட்ல போகணும்" என்றாள் கவிதா.

"போட்டு! போட்டு!" என்று குதித்தான் பாண்டி.

"சரி, கிளம்புங்க. ஃபோர்ட் கொச்சி போவோம். சீன வலையைப் பாத்துட்டுச் சாயங்காலம் திரும்பலாம்" என்றான் முருகன்.

பேச்சியம்மாள் ஒரு பையில் தண்ணீர், புளிச்சோறு, மாற்றுத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் ஆசைதான். ஆனால் அடிவயிற்றில் ஒரு பயம். அவள் பிறந்தது மலையடிவாரத்தில். அவளுக்கு நீச்சல் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது.

2. தண்ணீருக்கு நடுவே ஒரு நகரம்

கொச்சி வேறு மாதிரியான ஊர். வேம்பநாட்டுக் காயல் அங்கே கடலோடு சேர்கிறது. காயல் என்றால் கடலை ஒட்டிய பெரிய நீர்ப்பரப்பு. கேரளத்தின் மிகப் பெரிய ஏரி இதுதான். காயலுக்கு ஒரு கரையில் எர்ணாகுளம். எதிர்க் கரையில் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். நடுவிலும் சுற்றிலும் பல தீவுகள்.

இவற்றில் ஒரு தீவு மனிதர் உண்டாக்கியது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். பெரிய கப்பல்கள் உள்ளே வர வேண்டும் என்று கால்வாயை ஆழமாகத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டி ஒரு தீவை உண்டாக்கினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு. 1928 மே 26-ம் தேதி 'பத்மா' என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்குள் வந்தது.

ஒரு காலத்தில் இங்கே படகு இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை. வைப்பீன் தீவில் இருந்தவர்கள் வேலைக்கு, பள்ளிக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் படகில்தான் வந்தார்கள். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறந்த பிறகு பஸ்ஸில் வரத் தொடங்கினார்கள். ஆனாலும் இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் படகில் போய் வருகிறார்கள். 1968-ல் தொடங்கிய கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இந்தப் படகுகளை ஓட்டுகிறது. கட்டணம் மிகக் குறைவு. எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குச் சுமார் 20 நிமிடப் பயணம்.

3. கயிறு கட்டிய பிறகு

எர்ணாகுளம் படகுத்துறையில் சீட்டு வாங்கினார்கள். படகுத்துறையை அங்கே 'ஜெட்டி' என்கிறார்கள். படகு வந்து நின்றது. சிலர் அவசரமாகத் தாவி ஏறினார்கள். முருகனும் பாண்டியைத் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைக்கப் போனான்.

"நில்லு, நில்லு!" என்று ஒரு குரல் கேட்டது.

காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கையில் கயிறோடு நின்றார். அவர் படகின் லாஸ்கர். படகைத் துறையில் கட்டுவதும் அவிழ்ப்பதும் லாஸ்கரின் வேலை. படகைத் திருப்பி ஓட்டுகிறவர் சாரங்கு. எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர் டிரைவர்.

பெரியவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "கயிறு கட்டின பிறகு ஏறணும். கட்டாத போட்டு நகரும். காலு நடுவில போகும்" என்றார்.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சந்து. அலை வரும்போது சந்து அகலமாகிறது. அடுத்த நொடியே படகு வந்து துறையில் 'டம்' என்று இடிக்கிறது. ஒரு குழந்தையின் கால் அந்தச் சந்தில் மாட்டினால் என்ன ஆகும்? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பெரியவர் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு ஏறும் முறையைச் சொன்னார்.

"முதல்ல ஒரு பெரிய ஆள் ஏறு. ரெண்டு காலும் உள்ளே வச்சு நில்லு. பிறகு குழந்தையைக் கையில வாங்கு. ஒரு ஆளுக்கு ஒரு குழந்தை. ரெண்டு கையிலயும் ரெண்டு குழந்தை வேண்டாம். பிடிக்க ஒரு கை வேணும் இல்லே?"

முருகன் முதலில் ஏறினான். பேச்சியம்மாள் பாண்டியை அவன் கையில் கொடுத்தாள். பிறகு கவிதாவின் கையைப் பிடித்து ஏற்றினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியில் அவள் ஏறினாள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

4. படகுக்குள்ளே

கவிதா ஓரத்தில் உட்கார ஆசைப்பட்டாள். பேச்சியம்மாள் அவளை உள்பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். ஓரத்தில் முருகன் உட்கார்ந்தான். பாண்டி பேச்சியம்மாள் மடியில். பாண்டி கையை வெளியே நீட்டினான்.

"கையை உள்ளே வைடா. துறை வரும்போது நசுங்கிப் போகும்" என்றாள் கவிதா. பெரியவர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்!

சாரங்கு மணி அடித்தார். எஞ்சின் முழங்கியது. படகு மெல்ல நகர்ந்தது.

பேச்சியம்மாள் வழக்கம்போல் சுற்றிலும் எழுத்தைத் தேடினாள். எழுதியிருந்தவை எல்லாம் மலையாளமும் ஆங்கிலமும். அவளால் படிக்க முடியவில்லை. ஆனால் ஓர் இடத்தில் எண்கள் இருந்தன. எழுத்து வேறாக இருந்தாலும் எண் ஒன்றுதானே! அவள் அதைப் படித்துவிட்டாள்.

"பெரியவரே, அது என்ன எண்ணு?"

"அதா? இந்தப் போட்டில எத்தனை ஆள் ஏறலாம்னு எழுதியிருக்கு. அதுக்கு மேலே ஏத்தக் கூடாது. கூட்டம் கூடுதலா இருந்தா அடுத்த போட்டுக்கு நில்லு மோளே. போட்டு போனா வேற போட்டு வரும்."

பேச்சியம்மாள் அதை மனத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். "தண்ணியில விழுந்தா மிதக்கிற சட்டை இருக்காமே?"

பெரியவர் அவற்றை வைத்திருக்கும் இடத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புச் சட்டைகள் இருந்தன. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் என்று சொல்வது இதைத்தான். அவர் ஒன்றை எடுத்துக் கவிதாவுக்குப் போட்டார். பெல்ட்டுகளை எல்லாம் மாட்டினார். பிறகு தோள்பக்கம் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். சட்டை கவிதாவின் காது வரை ஏறியது.

"கண்டோ? இது பெரிய ஆளோட சட்டை. தண்ணியில விழுந்தா சட்டை மேலே போகும், குழந்தை கீழே நழுவும். குழந்தைக்குக் குழந்தை சட்டை வேணும்" என்றார். தேடி ஒரு சின்னச் சட்டையை எடுத்துப் போட்டார். இப்போது தூக்கிப் பார்த்தபோது சட்டை நழுவவில்லை.

"சட்டை எங்கே இருக்குன்னு ஏறின உடனே பாத்து வைக்கணும். ஆபத்து வந்த பிறகு தேடினா கிடைக்காது" என்றார் பெரியவர்.

பயம் கொஞ்சம் குறைந்தது. பிறகுதான் பேச்சியம்மாள் வெளியே பார்த்தாள். எவ்வளவு அழகு! வானத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டன. தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரிந்தன. வீடு உயரத்துக்கு ஒரு கப்பல் நின்றது. கவிதா அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பாண்டி பருந்துக்குக் கை காட்டினான்.

5. மாடிப் படகு

ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகளைப் பார்த்தார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, பெரிய வலை தண்ணீரிலிருந்து மெல்ல எழுந்தது. பாண்டி கை தட்டினான். மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். மாலை ஆனது.

கரையில் ஒரு தனியார் சுற்றுலாப் படகு நின்றது. இரண்டு அடுக்குப் படகு. வண்ண விளக்கு, பாட்டு எல்லாம் இருந்தது.

"வாங்க, வாங்க! கடைசி டிரிப்! சூரியன் மறையறதை நடுக்கடல்ல பாக்கலாம்! மாடியில நின்னு பாக்கலாம்!" என்று ஒருவர் கூவினார்.

பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தன. முருகன் பணத்தை எடுத்தான். வாரம் முழுவதும் செங்கல் சுமக்கிறவன். ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு ஆசைப்பட்டதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு.

பேச்சியம்மாள் படகின் பக்கவாட்டில் பார்த்தாள். ஓர் எண் இருந்தது. 40.

பக்கத்தில் டீக்கடைக்காரர் நின்றார். "அண்ணே, இந்த 40 என்னது?" என்று கேட்டாள்.

"40 பேர் ஏறலாம்" என்றார் அவர்.

"கவிதா, மாடியில எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணு. நான் கீழே எண்றேன்" என்றாள் பேச்சியம்மாள்.

கவிதா விரலை நீட்டி எண்ணினாள். "மாடியில 28 பேர் அம்மா."

"கீழே 19. மடியில கைக்குழந்தைக 4. அதுவும் உசுருதானே? மொத்தம் 51."

அவள் முருகனிடம் திரும்பினாள். "ஏங்க, இதுல நாம ஏற வேண்டாம். 40 பேர் ஏற வேண்டியதுல 51 பேர் இருக்காங்க. நாம ஏறினா 55. யாரும் லைஃப் ஜாக்கெட்டும் போடல."

"ஏ பேச்சி, என்ன பேசுற நீ? இத்தனை பேரும் ஏறலையா? தினமும் ஓட்டுறவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" முருகன் குரல் உயர்ந்தது. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாண்டி அழத் தொடங்கினான். கவிதாவின் கண்ணிலும் தண்ணீர்.

பேச்சியம்மாளுக்கும் சங்கடம்தான். ஆனாலும் பாண்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னை எவ்வளவு வேணா திட்டிக்கங்க. பிள்ளைகளை இதுல ஏத்த மாட்டேன்" என்றாள். குரல் மெல்லத்தான் வந்தது. ஆனால் அவள் நகரவில்லை.

படகில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இதைக் கேட்டாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை. அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

படகு புறப்பட்டது.

6. "ஒண்ணும் ஆகலையே!"

கரையில் உட்கார்ந்தார்கள். முருகன் ஒன்றும் பேசவில்லை. சூரியன் கடலில் இறங்கியது. கரையிலிருந்தும் அது அழகாகத்தான் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அந்தப் படகு திரும்பியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகலையே!" என்றான் முருகன்.

பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. நல்லபடியா வந்துட்டாங்க. அவங்க பிள்ளைகளும் நம்ம பிள்ளைக மாதிரிதான். நல்லா இருக்கட்டும். ஆனா ஏங்க, சாரத்துல கயிறு சரியா கட்டாம நீங்க ஏறுவீங்களா?"

"ஏற மாட்டேன்."

"கயிறு கட்டாத சாரத்துல ஒருத்தன் ஏறி, விழாம இறங்கிட்டான். அப்ப கயிறே வேண்டாம்னு சொல்லுவீங்களா?"

முருகன் பதில் சொல்லவில்லை. போன வருஷம் அவனோடு வேலை செய்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தார். அந்தச் சாரமும் முந்தின நாள் வரை ஒன்றும் ஆகாத சாரம்தான்.

டீக்கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தண்ணீரைக் காட்டிச் சொன்னார். "2015-ல இந்த ஜெட்டி பக்கத்துலதான் ஒரு போட்டு மூழ்கிச்சு. வைப்பீன்ல இருந்து வந்த போட்டு. கரை சேர இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு. மீன்பிடி போட்டு வந்து இடிச்சிருச்சு. 11 பேர் போயிட்டாங்க."

முருகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாண்டியை வாங்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

"சரி, வாங்க. அந்தப் படகுக்கு வச்சிருந்த காசு மிச்சம் இருக்கு. வாட்டர் மெட்ரோவுல போவோம்" என்றான்.

7. எண்ணும் கதவு

கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. நாட்டிலேயே முதல் வாட்டர் மெட்ரோ இது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய படகுகள். பாட்டரி மின்சாரத்தில் ஓடுகின்றன. 2024 ஏப்ரல் முதல் ஃபோர்ட் கொச்சிக்கும் வருகின்றன.

சீட்டைக் காட்டினால் ஒரு கதவு திறக்கிறது. ஒருவர் போனதும் மூடுகிறது. இப்படி ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விடுகிறது. பெரிய படகில் 100 பேர் வரை போகலாம். அதற்கு மேல் விடுவதில்லை. படகு நிற்கும் மேடையும் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும். இறங்கினால் மேடையும் இறங்கும். அதனால் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். குழந்தைகளும் முதியவர்களும் எளிதாக ஏறலாம்.

"அம்மா, உன்னை மாதிரியே இந்தக் கதவும் எண்ணுது!" என்றாள் கவிதா.

முருகன் சிரித்துவிட்டான். பேச்சியம்மாளும் சிரித்தாள்.

படகு நகர்ந்தது. பாண்டி அவள் மடியிலேயே தூங்கிப்போனான்.

8. படகு ஏன் கவிழ்கிறது?

இதை நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு கிண்ணத்தை அதில் மிதக்க விடுங்கள்.

கிண்ணத்தின் நடுவில் சில கூழாங்கற்களைப் போடுங்கள். கிண்ணம் நேராக மிதக்கும். கற்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். கிண்ணம் தாழ்ந்துகொண்டே போகும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும். பிறகு ஒரு சின்ன அலை போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகும் இப்படித்தான்.

இப்போது கற்களைக் குறைத்து, அவற்றை ஒரு பக்கமாக நகர்த்துங்கள். கிண்ணம் அந்தப் பக்கம் சாயும். எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் படகும் சாயும்.

கடைசியாக, கிண்ணத்துக்குள் ஓர் உயரமான டம்ளரை நிறுத்தி, அதன் மேல் கல்லை வையுங்கள். லேசாகத் தட்டினாலே கிண்ணம் ஆடும். மேலே பாரம் இருந்தால் படகு எளிதில் கவிழும். மாடிப் படகில் மேலே கூட்டம் சேர்வது இதனால்தான் ஆபத்து.

9. நடந்தவை

இவை கதை அல்ல, நம் நாட்டில் நடந்தவை.

2002 ஜூலை 27. கேரளத்தில் முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள். அதிலும் கூட்டம் அதிகம். அரசுப் படகு என்றாலும் எண்ணித்தான் ஏற வேண்டும்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். 45 பேர் இறந்தார்கள்.

2023 மே 7. மலப்புறம் மாவட்டம் தானூரில் இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இருட்டிய நேரம். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் குழந்தைகள்.

2024 டிசம்பர் 18. மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன படகின் மீது கடற்படையின் வேகப் படகு ஒன்று மோதியது. 15 பேர் இறந்தார்கள். படகு மூழ்கப் போகிறது என்ற பயத்தில் சில பெற்றோர் குழந்தைகளைத் தண்ணீரில் போடப் போனார்கள். அப்படியாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார்கள். உதவிக்கு வந்த மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர்கள் அவர்களைத் தடுத்தார்கள். குழந்தைகளைத் தங்கள் படகில் வாங்கிக் காப்பாற்றினார்கள். இந்த விபத்துக்குப் பிறகு கேட்வேயிலிருந்து போகும் படகுகளில் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட வேண்டும் என்று ஆக்கினார்கள்.

கூட்டத்தால் மட்டும் விபத்து வருவதில்லை. எங்கிருந்தோ இன்னொரு படகு வந்து மோதலாம். அதனால்தான் சட்டையும் வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 1917-ல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2021-ல் உள்நாட்டுக் கப்பல்களுக்கான புதிய சட்டம் வந்தது. பயணிகளை ஏற்றும் படகைப் பதிவு செய்ய வேண்டும். அதைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். சட்டத்தைக் காப்பது அதிகாரிகளின் கடமை. படகுக்காரரின் கடமை. அவர்கள் தவறினால் கேள்வி கேட்பது நம் உரிமை.

10. ஆபத்து வந்தால்

கத்திக்கொண்டு ஒரு பக்கமாக ஓடாதீர்கள். படகு ஊழியர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

உடனே சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் போடுங்கள்.

படகு மிதக்கும் வரை அதைப் பிடித்துக்கொண்டிருங்கள். குழந்தையைத் தண்ணீரில் வீசாதீர்கள். உதவிக்கு வருகிறவர் கையில் கொடுங்கள்.

கைபேசி இருந்தால் 112-ஐ அழையுங்கள். இது நாடு முழுவதும் அவசர உதவிக்கான எண். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

11. நினைவில் வைப்போம்

1. படகைக் கயிற்றால் கட்டிய பிறகு ஏறுவோம், இறங்குவோம்.
2. ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை. ஒரு கை பிடிப்பதற்கு.
3. எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணைப் பார்ப்போம். குழந்தைகளையும் சேர்த்து எண்ணுவோம்.
4. உயிர்காப்புச் சட்டை எங்கே என்று ஏறியதும் பார்ப்போம். குழந்தையின் அளவுக்கு ஏற்ற சட்டை கேட்போம்.
5. குழந்தைகளை உள்பக்கம் உட்கார வைப்போம். வெளியேறும் வழியின் பக்கத்தில் உட்காருவோம்.
6. கைக்குழந்தையைச் சேலையில் முடிச்சுப் போட்டு உடம்போடு கட்ட மாட்டோம். ஆபத்தில் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது.
7. கூட்டம் அதிகமா? இருட்டிவிட்டதா? காற்றும் மழையும் பலமா? ஏற மாட்டோம். வேறு படகு வரும்.

12. கணக்குப் போடுவோம்

ஒரு படகில் 75 பேர் ஏறலாம். கீழே 46 பேர் இருக்கிறார்கள். மேலே 24 பேர் இருக்கிறார்கள். மடியில் 3 குழந்தைகள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் 4 பேர். நீங்கள் ஏறலாமா?

(விடை: 46 + 24 + 3 = 73. நீங்கள் 4 பேரும் ஏறினால் 77. இரண்டு பேர் அதிகம். ஏறக் கூடாது.)

13. பேசிப் பார்ப்போம்

1. 'எண்ணுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல். இன்னொன்று நினைத்துப் பார்த்தல். பேச்சியம்மாள் எதைச் செய்தாள்?
2. "இத்தனை பேரும் ஏறலையா?" என்று முருகன் கேட்டான். எல்லோரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடுமா?
3. படகு மட்டும்தானா? ஷேர் ஆட்டோ, வேன், டிராக்டர் ஆகியவற்றில் நம் பிள்ளைகளை எப்படி ஏற்றுகிறோம்? பள்ளிக்குப் போகும் ஆட்டோவில் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்? நாளைக் காலையில் நின்று எண்ணிப் பாருங்கள்.